பனியில் ஊரும் வண்டியும் ஓரடிப் பலகையும்

விலை கொடுத்து வாங்கிய வண்டியின் பலகையைத் தாமே வாளால் அறுத்து எறிகிறவர்கள் உண்டா? உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும், அமெரிக்காவின் மொன்டானா, ஐடஹோ, வயோமிங், யூட்டா மாநிலங்களின் மலைப்பகுதிகளிலும் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அறுபடுவது 'ஸ்னோமொபைல்' எனப்படும் பனி ஊர்தியின் மிதிபலகை. காரணம் கேட்டால், "ஆழப் பனியில் வண்டி நன்றாக ஏறும்" என்பார்கள். ஒரு கிலோ கூடத் தேறாத அலுமினியத் துண்டை எடுத்துவிட்டால் இருநூறு கிலோ வண்டி மலை ஏறிவிடுமா என்ற ஐயம் இயற்பியல் பயிலும் எனக்கு எழுந்தது. விடை தேடியபோது கிடைத்தவற்றை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் 'பனி' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மார்கழி விடியலில் புல் நுனியில் நாம் காண்பதும் பனிதான். ஆனால் அங்கே வானிலிருந்து விழுவது வெண்பனி. விழுந்த புதிதில் ஒரு கன மீட்டர் வெண்பனியின் எடை ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். அதே கன அளவு நீரின் எடை 1000 கிலோ. ஆகவே புதுப்பனி என்பது பத்தில் ஒன்பது பங்கு காற்று. தரைபோல் தோன்றும், கால் வைத்தால் இடுப்புவரை இறங்கும். அதுவும் கொஞ்சநஞ்சமாகப் பெய்வதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவெல்ஸ்டோக் நகருக்கு அருகேயுள்ள கோப்லண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் பெய்த பனியைக் கூட்டினால் 24 மீட்டருக்கு மேல். எட்டு மாடி உயரம்! பெய்வதெல்லாம் அப்படியே நிற்பதில்லை, தன் எடையால் தானே அழுந்திக் குறையும் என்றாலும், வண்டி ஓட்டுவதற்கு அது எப்படிப்பட்ட இடம் என்பது விளங்கும்.

இந்தப் பனியின் மேல் மனிதன் வண்டி ஓட்ட முயன்ற கதை சோகமானது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே ஒரு மெக்கானிக். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தான். பாதை முழுவதும் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவன் இறந்தான். பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே பல முயற்சிகள் செய்துகொண்டிருந்த பொம்பார்டியே அதன் பிறகு அதிலேயே மூழ்கினார். பல்சக்கரத்தால் சுழலும் பட்டை அமைப்புக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். முதலில் அவர் செய்தவை பலர் அமரும் பெரிய வண்டிகள். ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறிய 'ஸ்கீ-டூ' வண்டி 1959-இல் வந்தது. இன்று நாம் ஸ்னோமொபைல் என்றதும் நினைக்கும் உருவம் ஏறத்தாழ அதுவே.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். அவை திசை திருப்புவதற்கு. பின்னால் சக்கரமே இல்லை. சுழலும் அகன்ற ரப்பர் பட்டை ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டையின் வெளிப்புறத்தில் வரிசை வரிசையாகத் துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டையின் மேல், கவிழ்த்து வைத்த நீளமான தொட்டி போல ஓர் அலுமினியக் கூடு உண்டு. அதன் மேல்தான் இருக்கை. கூட்டின் அடி விளிம்பிலிருந்து இரு பக்கமும் வெளியே நீண்டிருப்பவையே மிதிபலகைகள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் தளத்தை இரண்டாகப் பிளந்து இருபுறமும் பொருத்தியது போல் எண்ணிக்கொள்ளலாம்.

இருநூறு கிலோ வண்டி புதுப்பனியில் எப்படி மூழ்காமல் நிற்கிறது? கணக்கு எளிது. எரிபொருளோடு வண்டி 210 கிலோ, கனத்த குளிர் உடையோடு ஓட்டுபவர் 90 கிலோ, மொத்தம் 300 கிலோ என்று கொள்வோம். பட்டையின் அகலம் 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். பனியைத் தொடும் நீளம் 140 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 5300 சதுர சென்டிமீட்டர். சறுக்குக் கட்டைகளை விட்டுவிட்டாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் சுமை 57 கிராம்தான். எழுபது கிலோ மனிதன் 400 சதுர சென்டிமீட்டர் பாதங்களோடு நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு 175 கிராம் விழும். வண்டி அழுத்துவது அதில் மூன்றில் ஒரு பங்கு. சமதளப் பாதையில் ஓடும் வண்டிகளுக்குப் பட்டையின் சுற்றளவு 121 அங்குலம் இருந்தால் போதுமாக இருந்தது. மலைப்பனிக்கென்று செய்பவற்றில் அது 146, 154, 165, 175 அங்குலம் என்று வளர்ந்திருக்கிறது. துடுப்பின் உயரமும் ஓரங்குலத்திலிருந்து இரண்டரை, மூன்று அங்குலமாக உயர்ந்துவிட்டது.

பட்டையை நீட்டிக்கொண்டே போனவர்கள் பலகையை மட்டும் ஏன் குறுக்க வேண்டும்?

இதற்கு விடை, ஓட்டுபவரின் உடல் எங்கே இருந்தது என்பதில் இருக்கிறது. பழைய வண்டிகளில் ஓட்டுபவர் பின்தள்ளி அமர்ந்து, காலை முன்னே நீட்டிக்கொள்வார். அவருக்குப் பின்னால் மனைவியோ மகனோ தொற்றிக்கொள்வார்கள். இரண்டு பேரின் கால்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. எனவே பலகை கூட்டின் நீளத்துக்கு ஓடியது. 2003-ஆம் ஆண்டு மாதிரியாக ஸ்கீ-டூ நிறுவனம் வெளியிட்ட 'ரெவ்' என்ற அமைப்பு ஓட்டுபவரை ஏறத்தாழ ஓரடி முன்னே நகர்த்தியது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. மலையில் ஓட்டுபவர்களோ இருக்கையில் அமர்வதே அரிது. நின்றபடி, கைப்பிடிக்கு அருகில் உடலைச் சாய்த்தே ஓட்டுகிறார்கள். பின்னால் ஆளும் ஏறுவதில்லை. ஆக, மனிதன் முன்னே போய்விட்டான். அவன் கால் வைத்திருந்த இடம் மட்டும் பழையபடி பின்னாலேயே இருந்தது. இந்த மிச்ச இடம்தான் வாளுக்கு இலக்காகிறது. பயனில்லாத பகுதி என்பதற்காக மட்டும் அதை யாரும் அறுக்கவில்லை. பயனில்லாததோடு கெடுதலும் செய்கிறது என்பதே வழக்கு.

என்ன கெடுதல்? நாற்றங்காலில் பரம்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரம்புப் பலகை சேற்றில் மூழ்குவதில்லை. ஆனால் அதை இழுக்க மாடு எவ்வளவு பாடுபடுகிறது! பலகையின் முன்னால் சேறு திரண்டு உருண்டு வருகிறது. தாங்குவதும் பலகை, தடுப்பதும் பலகை. ஸ்னோமொபைலின் மிதிபலகையும் ஆழப் பனியில் பரம்புப் பலகையாகவே மாறிவிடுகிறது.

மேட்டில் ஏறும்போது வண்டியின் மூக்கு நிமிர்கிறது, வால் தாழ்கிறது. சுழலும் பட்டை தனக்கடியில் உள்ள பனியைப் பின்னால் வாரி எறிவதால் ஒரு பள்ளம் உண்டாகிறது. வண்டியின் பின்பகுதி அதில் இறங்குகிறது. மிதிபலகைகளோ பட்டையைவிட வெளியே நீண்டவை. அவை பள்ளத்துக்குள் போவதில்லை. பள்ளத்தின் இரு கரைகளிலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இங்கே இரண்டு தீங்குகள் ஒன்றாக நேர்கின்றன. தாழ்ந்திருக்கும் வால்முனை கரையிலுள்ள பனியைக் கலப்பை போல் தள்ளிக்கொண்டு போகிறது. இது முதலாவது. அடுத்ததுதான் எனக்குச் சுவையாகப் பட்டது. வண்டியின் எடையில் ஒரு பகுதியைப் பலகை தாங்கிக்கொள்வதால் அந்த அளவுக்குப் பட்டையின் மேல் விழும் எடை குறைகிறது. பட்டைதான் வண்டியை முன்னே தள்ளும் உறுப்பு. எடை அதன் மேல் இருந்தால்தான் துடுப்புகள் பனியைக் கடித்துப் பிடிக்கும். பலகை எதையும் தள்ளுவதில்லை. வேலை செய்கிறவனிடமிருந்து கருவியைப் பிடுங்கி, சும்மா நிற்கிறவன் கையில் கொடுத்தது போல் ஆகிறது. எஞ்சின் உறும, பட்டை வெறுமனே சுழல, வண்டி பலகைகளில் தொங்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். பிறகு மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்.

இதை எண்களால் பார்க்கலாம். பலகையின் நீளம் 120 சென்டிமீட்டர் என்றும், வண்டி பனிப்பரப்பைவிட 15 பாகை நிமிர்ந்து போகிறது என்றும் கொள்வோம். 15 பாகையின் சைன் மதிப்பு 0.26. ஆகவே பலகையின் முன்முனையைவிடப் பின்முனை 31 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். பின்னால் 30 சென்டிமீட்டரை, அதாவது ஓரடியை, அறுத்துவிட்டால் மிகத் தாழ்ந்த விளிம்பு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் மேலே வந்துவிடும். பலகையின் அகலம் 15 சென்டிமீட்டர்; பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இரண்டுக்கும் சேர்த்துப் பனியை எதிர்க்கும் முகப்பில் 240 சதுர சென்டிமீட்டர் குறைகிறது. வண்டி ஒரு மீட்டர் முன்னேறினால் தள்ள வேண்டிய பனியில் 0.024 கன மீட்டர் குறையும். பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ என்றால் மீட்டருக்கு 2.4 கிலோ. நூறு மீட்டர் மேடு ஏறி முடிப்பதற்குள் 240 கிலோ பனியைத் தள்ளும் வேலை மிச்சம்! வண்டியின் எடையையே மிஞ்சிய கணக்கு இது. இத்தனைக்கும் அறுத்து எடுத்த அலுமினியத்தின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. எடை குறைந்ததால் வண்டி ஏறுகிறது என்று சொல்வது பொருந்தாது, இடம் குறைந்ததால் ஏறுகிறது என்பதே சரி.

கணக்கோடு நிற்க மனமில்லாமல் விடுதியில் ஒரு சோதனை செய்தேன். உணவுக்கூடத்திலிருந்து பெரிய தாம்பாளமும் இரண்டு படி ரவையும் கேட்டு வாங்கினேன். "உப்புமாவுக்கு வைத்திருந்ததை ஆராய்ச்சிக்குக் கொண்டுபோகிறாயே தம்பி, திரும்பி வருமா?" என்று சமையல்கார அண்ணன் கேட்டார். சலித்துத் திருப்பித் தந்தேன். ரவையைத் தாம்பாளத்தில் தளர்வாகப் பரப்பி, தகர அடிக்கோல் ஒன்றைப் பின்புறம் சாய்வாகப் புதையும்படி வைத்து, ஆய்வுக்கூடத்து வில்தராசால் மெல்ல இழுத்தேன். பின்முனைக்கு முன்னால் ரவை குவிந்து ஏற ஏறத் தராசின் முள்ளும் ஏறியது. அதே சாய்வில் சிறிய அடிக்கோலை இழுத்தபோது குவியலும் சிறுத்தது, முள்ளும் தாழ்ந்தே நின்றது. ரவை பனியாகிவிடாது. பனி அழுத்தினால் இறுகி ஒட்டிக்கொள்ளும், ரவை உதிர்ந்து ஓடும். எனினும் தடை எங்கே பிறக்கிறது என்பதைக் கண்ணால் காண அது போதுமானதாக இருந்தது. ஐயமுள்ளவர்கள் செய்து பார்க்கலாம். சமையல்கார அண்ணனிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

மலையில் இந்தச் சேமிப்புக்கு மதிப்பு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரே போகப்போகக் காற்று மெலிகிறது. இயல்பாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழக்கும். பத்தாயிரம் அடியில் முப்பது விழுக்காடு போய்விடும். கடல் மட்டத்தில் 160 குதிரைத்திறன் தருகிற எஞ்சின் அங்கே 112 தந்தால் பெரிது. டர்போ பொருத்திய வண்டிகள் இக்குறையை ஈடுகட்டுகின்றன. ஆனால் விலை அதிகம். வாளும் அரமும் மலிவு.

நேரே ஏறுவதைவிடக் குறுக்கே போவது கடினம். மலைச்சரிவின் இடுப்பைச் சுற்றி, ஏறாமலும் இறங்காமலும் குறுக்காக ஓட்டுவதை மலை ஓட்டத்தின் உயிர்நாடி எனலாம். வண்டியை அப்படியே விட்டால் சரிவோடு கீழே வழுக்கிவிடும். ஆகவே ஓட்டுபவர் மேட்டுப்பக்கப் பலகையில் தம் எடை முழுவதையும் ஊன்றி, வண்டியை மலையை நோக்கிச் சாய்ப்பார். பட்டையின் ஒரு விளிம்பு மட்டும் சரிவைக் கடித்துக்கொண்டு ஓடும். இந்த நிலையில் மேட்டுப்பக்கப் பலகை பனிக்குள் நுழைந்தே தீரும். பலகை நீளமாகவும் அகலமாகவும் இருந்தால் அதனடியில் பனி திரண்டு கெட்டியாகி, வண்டியைச் சரிவிலிருந்து நெம்பி எடுத்துவிடும். பட்டையின் பிடி விட்டுப்போக, வண்டி பள்ளத்தை நோக்கித் திரும்பும். கீழே மரங்கள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலை வண்டிகளின் பலகைகள் ஒடுங்கலாகவும், பனி கீழே விழும்படி பெரிய ஓட்டைகளோடும், ஓட்டைகளின் விளிம்பில் காலணி வழுக்காத பற்களோடும் அமைவது இதனால்தான். பின்னால் நீளத்தைக் குறைப்பதும் இதே எண்ணத்தின் தொடர்ச்சி. வண்டி சாயும்போது வால்பக்கம் தடையின்றிச் சுழன்று உள்ளே வருகிறது.

அப்படியானால் முழுவதையும் அறுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது. மடித்து வளைத்த விளிம்போடு இருக்கும் மிதிபலகை கால் வைக்கும் இடம் மட்டுமன்று. அலுமினியக் கூட்டுக்கு அதுவே விட்டம் போன்ற வலுவையும் தருகிறது. குதித்து இறங்கும் வண்டியின் அதிர்ச்சி முழுவதும் கூட்டில் பாய்கிறது. பட்டையைத் தாங்கும் அமைப்பின் மரைகள் கூட்டின் பக்கச்சுவரில்தான் முடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு அருகில் அறுத்தால் கூடு வளைந்துபோகும். பல வண்டிகளில் பின்புறக் கைப்பிடிக் கம்பியும் இப்பகுதியோடு இணைந்தே இருக்கிறது. புதைந்த வண்டியை நான்கு பேர் பிடித்து இழுப்பது அந்தக் கம்பியைத்தான். கம்பியின் பிடிப்பைக் கெடுத்துவிட்டு வண்டியைப் புதைத்தவனுக்கு உதவ யாராலும் முடியாது. அறுத்த மூலை கூராக இருந்தால் அங்கே தகைவு குவிந்து வெடிப்பு தொடங்கும் என்பதை நாம் பாடத்திலேயே படித்திருக்கிறோம். மூலையை வளைவாக அறுத்து, அரத்தால் பிசிறு நீக்கி, திறந்த முனையை மடித்தோ மூடியோ விட வேண்டும். இல்லையெனில் விழும்போது ஓட்டுபவரின் காலையே அது கிழிக்கும்.

இறங்கும்போது வேறு தொல்லை. செங்குத்தான இறக்கத்தில் உடலைப் பின்னே தள்ள வேண்டும். கால் பின்னே தேடும்போது அங்கே பலகை இராது. இதற்காகத்தான் அனுபவமுள்ளவர்கள் வண்டி வாங்கியவுடன் வாளை எடுக்காமல், ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, பலகையின் பற்கள் எதுவரை தேய்ந்திருக்கின்றன என்று பார்த்து அளவு குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் உயரமும் ஓட்டும் பழக்கமும் இன்னொருவருக்கு ஆகாது.

சிலர் பலகையோடு நில்லாமல், பின்னால் தொங்கும் ரப்பர் மட்கார்டையும் கத்தரித்துவிடுகிறார்கள். அதுவும் பனியில் இழுபடுகிறது என்பது உண்மையே. ஆனால் அதற்கு ஒரு மறைவான வேலை உண்டு. இவ்வண்டிகளில் கார்களில் உள்ளது போன்ற ரேடியேட்டர் பெரும்பாலும் இருப்பதில்லை. எஞ்சினின் சூடான நீர் கூட்டின் உட்புறத்திலுள்ள வெப்பமாற்றிகளில் ஓடுகிறது. பட்டை வாரி எறியும் பனி அவற்றின் மேல் பட்டுக் குளிர்விக்கிறது. மட்கார்டு அந்தப் பனியை உள்ளே தடுத்து நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டால் ஆழப் பனியில் ஒன்றும் தெரியாது. வீடு திரும்பும் வழியில், கெட்டிப்பட்ட பாதையில், எஞ்சின் கொதிக்கும். பனிக்கட்டியின் மேல் ஓடும்போது அதைச் சுரண்டித் தூளாக்கி உள்ளே எறிவதற்கென்றே கம்பிக் கீறிகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை பனி கிடக்க, வண்டி சூட்டால் நிற்கிறது என்பது விந்தைதானே!

தனியார் கொட்டகைகளில் தொடங்கிய இந்தக் குறைப்பைத் தொழிற்சாலைகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அண்மை ஆண்டுகளில் மலைப்பனிக்கென்று வரும் சில வண்டிகளில் கூட்டின் வாலும் மிதிபலகையும் குறுக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. கூட்டின் வலுவையும் குளிர்விப்பையும் முதலிலேயே கணக்கிட்டுக் குறுக்கியவை என்பதால், வாளால் அறுத்ததைவிட இவை நம்பத்தக்கவை. கையால் அறுத்த வண்டிக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் நிற்காமல் போகலாம் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் வண்டியைப் பற்றியது. மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில்தான் கிளம்புகின்றன. வலுக் குறைந்த பழைய வண்டிகள் அச்சாய்வுகளின் அடிவாரத்திலேயே புதைந்து நின்றன. நீண்ட பட்டையும் உயர்ந்த துடுப்பும் குறுகிய பலகையும் கொண்ட வண்டி அங்கே தயங்காமல் ஏறுகிறது. 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி நகருக்கு அருகே ஸ்னோமொபைலில் சென்ற எட்டுப் பேர் பனிச்சரிவில் மடிந்தார்கள். 2010 மார்ச் 13 அன்று ரெவெல்ஸ்டோக்கை அடுத்த போல்டர் மலையில், வண்டிகள் மேடேறுவதைக் காணக் கூடியிருந்தவர்கள் மேல் சரிவு பாய்ந்து இருவர் இறந்தனர். முப்பது பேர் அளவில் காயமுற்றனர். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நல்லபடி இருக்கும். ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரமன்று அது. உடன் வந்தவர்களே தோண்ட வேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைச் சுமக்கிறார்கள்: 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பும் சிறு கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட மடக்குக்கோல், மண்வெட்டி. இவற்றை வண்டியின் பெட்டியில் கட்டிவைக்கக் கூடாது. உடலோடும் முதுகுப்பையிலும் இருக்க வேண்டும். சரிவு வரும்போது வண்டி ஓரிடத்துக்கும் ஓட்டுபவர் வேறிடத்துக்கும் போய்விடுகிறார்கள்.